வரிசை ஏன் நீள்கிறது என்று கேட்க வைக்கும் பாடம் எது?

செயல்பாட்டு மேலாண்மையையும் விநியோகச் சங்கிலி மேலாண்மையையும் சேர்த்து இளநிலைப் படிப்பில் ஓர் அறிமுகப் பாடம் வைக்கலாம் என்று ஒரு துறை முடிவெடுத்தால், பாடத்திட்டக் குழு கூடிய முதல் நாளிலேயே தலைப்புகளை எழுதத் தொடங்கிவிடும். முன்கணிப்பு, கையிருப்பு, உற்பத்தித் திறன் திட்டம், தரக் கட்டுப்பாடு, கொள்முதல், போக்குவரத்து. இந்தப் பட்டியலில் பெரிய தகராறு எழுவதில்லை. எந்தப் பாடநூலைப் புரட்டினாலும் ஏறக்குறைய இவைதான் இருக்கும். தகராறு எழ வேண்டிய இடம் வேறு. பதினெட்டு, பத்தொன்பது வயதில், ஒரு நாள்கூட வேலைக்குப் போயிராத மாணவரை இந்தத் துறைக்குள் எந்த வாசல் வழியாக அழைத்துப் போவது? கணக்கா, கேஸ் ஸ்டடியா, வகுப்பறை ஆட்டமா, கள ஆய்வா? ஒரு செமஸ்டரில் கிடைப்பது நாற்பது மணி நேரத்தை ஒட்டிய அவகாசம். அதற்குள் நான்கையும் முழுமையாகச் செய்து முடிக்க முடியாது.

நான்கு வழிகளிலும் வெவ்வேறு ஆண்டுகளில் கற்பித்துப் பார்த்திருக்கிறேன். எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லும் முன், எதை வைத்து அளக்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த அளவுகோல் எனக்கு ஒரு மாணவரிடமிருந்து கிடைத்தது.

அப்போது நான் முழுக்க முழுக்கக் கணக்கு வழியில் கற்பித்துக்கொண்டிருந்தேன். வரிசைகளில் எவ்வளவு காத்திருக்க நேரும் என்று கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டில் வைத்த தேர்வில் அந்த மாணவர் முழு மதிப்பெண் வாங்கினார். அதே வாரம் கட்டணம் செலுத்தும் கவுண்டரின் முன் நீண்ட வரிசையில் அவரைப் பார்த்தேன். "உள்ளே இருப்பவர் வேலையே செய்வதில்லை சார், அதனால்தான் இவ்வளவு கூட்டம்" என்றார். கவுண்டரில் இருந்தவரைப் பார்த்தேன். தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார். விடைத்தாளில் சூத்திரத்தைப் பிழையில்லாமல் எழுதிய பிள்ளைக்கு, தன் கண் முன்னே அதே சூத்திரம் மனித உருவில் நிற்பது தெரியவில்லை. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. தவறு அவருடையதல்ல, நான் கற்பித்த விதத்தில் இருந்தது.

அந்தக் கவுண்டரின் கணக்கு இதுதான். ஒருவருக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மக்கள் சீரற்ற இடைவெளிகளில் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் கூடிக் குறைகிறது. பாடநூலின் மிக எளிய ஒற்றைக் கவுண்டர் மாதிரியில், பணியாளர் தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருந்தால், வரிசையில் ஒருவர் சராசரியாகக் காத்திருப்பது 40 நிமிடம். அதுவே 90 சதவீதமானால் 90 நிமிடம். 95 சதவீதமானால் 190 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல். 80இலிருந்து 95க்குப் போகும்போது வேலைச்சுமை ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. காத்திருப்போ ஐந்து மடங்கை நெருங்கிவிடுகிறது. வரிசை நீள்வதற்குக் காரணம் பணியாளரின் சோம்பல் என்று நினைத்தோம். அவருக்கு மூச்சுவிட நேரமில்லாததுதான் உண்மையான காரணம்.

ஆகவே என் அளவுகோல் ஒரே கேள்வி. பாடம் முடிந்து வெளியே போகும் மாணவர் ஒரு நீண்ட வரிசையையோ, காலியான அலமாரியையோ, மலையாகக் குவிந்த சரக்கையோ பார்த்தால், முதலில் ஆளைக் குறை சொல்வாரா, அமைப்பை உற்றுப் பார்ப்பாரா? இந்த மாணவர்களில் பலர் சில ஆண்டுகளில் நாலு பேரை மேற்பார்வை செய்யும் இடத்துக்குப் போவார்கள். அவர்கள் அன்று எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதில் வேறு பலருடைய நிம்மதி இருக்கிறது.

கணக்கு வழியிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் பழையது, மிகப் பரவலானது, நிர்வாகத்துக்கு மிக வசதியானதும்கூட. இந்தத் துறையின் பல அடித்தளங்கள் கணக்காகவே பிறந்தவை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், அழைப்புகளின் வருகையைப் பற்றிய தம் கட்டுரையை 1909இல் வெளியிட்டார். வரிசைக் கோட்பாடு அங்கிருந்து வளர்ந்தது. 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர், ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு வர்க்கமூலச் சூத்திரத்தில் விடை சொன்னார். சிக்கனக் கொள்முதல் அளவு என்று இன்றும் எல்லா அறிமுகப் பாடங்களிலும் இருப்பது அதுதான்.

அந்தச் சூத்திரத்தைக் கற்பிக்கும் விதத்தில்தான் கணக்கு வழியின் பலமும் பலவீனமும் தெரிகின்றன. ஆண்டுத் தேவை 1,200 அலகு, ஒவ்வொரு முறை ஆணையிடவும் ஆகும் செலவு 50, ஓர் அலகை ஓராண்டு வைத்திருக்க ஆகும் செலவு 3 என்று கொடுத்தால், மாணவர் 200 என்று விடை கண்டுபிடித்துவிடுவார். அத்துடன் கணக்கு முடிந்துவிட்டதாக நினைப்பார். அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் அனுபவம். 200 அலகாக வாங்கினால் ஆண்டுச் செலவு 600. 300 அலகாக வாங்கினால்? 650தான். அளவில் 50 சதவீதம் பிழை செய்தும் செலவு எட்டு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. 100 அலகாக வாங்கினாலோ 750, அதாவது 25 சதவீதம் கூடுதல். சரியான விடையைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது, எந்தப் பக்கம் தவறினால் வலி அதிகம் என்பதைத்தான், வாங்கும் அளவுக்கேற்பச் செலவு மாறுவதைக் காட்டும் ஹாரிஸின் வளைகோடு சொல்லித் தருகிறது. தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை விடை கேட்கும் தேர்வு இந்தப் பாடத்தைக் கொன்றுவிடுகிறது.

கணக்கு வழிக்கு ஆதரவாக நேர்மையாகச் சொல்ல வேண்டியவை உண்டு. நூறு மாணவர்களுக்கும் ஓர் ஆசிரியர் போதும். மதிப்பீட்டில் பாரபட்சம் வராது. மாணவர் அடுத்த ஆண்டு மேல்நிலைப் பாடத்துக்குப் போகும்போது தடுமாற மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறெந்த வழியிலும் வராத ஒரு தெளிவு இதில் வருகிறது. 80க்கும் 95க்கும் இடையில் உள்ள அந்தப் பாய்ச்சலை எண்ணாகப் பார்க்காதவர் அதை நம்பவே மாட்டார். ஆனால் கணக்கை மட்டுமே கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கவுண்டர் முன் நின்ற மாணவரே சாட்சி. எண் நோட்டுப் புத்தகத்திலும் வாழ்க்கை வெளியிலுமாகத் தனித்தனியே இருந்துவிடுகின்றன.

கேஸ் ஸ்டடி வழி இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுகிறது. நடந்த ஒரு சம்பவத்தைக் கொடுத்து, நீங்கள் மேலாளராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது. வணிகப் பள்ளிகளில் நூறாண்டுக்கு அருகே வேரூன்றிய முறை இது. முதுநிலை வகுப்பில், ஐந்தாறு ஆண்டு வேலை பார்த்தவர்கள் கூடியிருக்கும் அறையில், இதற்கு ஈடு இல்லை. இளநிலையில் நான் கண்டது வேறு. வேலையிடத்தைப் பார்த்திராத மாணவர்களுக்கு அந்தச் சம்பவத்தோடு உரசிப் பார்க்கத் தங்களுக்கென்று எதுவும் இல்லை. முடிவு ஏற்கெனவே தெரிந்திருப்பதால், வென்றவர் புத்திசாலி, தோற்றவர் கவனக்குறைவானவர் என்று எழுதிவிடுகிறார்கள். என் அளவுகோலின்படி இது மிக ஆபத்தான விளைவு. ஆளைக் குறை சொல்லும் பழக்கத்தை நாமே பாடமாக நடத்தியதாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2000ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று, அமெரிக்காவின் அல்புகர்க்கியில் இருந்த பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. தீ சில நிமிடங்களில் அணைந்துவிட்டது. ஆனால் தூசி நுழையக் கூடாத அறைகளில் புகை புகுந்து பெரும் சேதம் ஏற்பட்டது. அந்த ஆலையின் சிப்புகளை நம்பியிருந்த கைபேசி நிறுவனங்களில் நோக்கியா விரைவாக விழித்துக்கொண்டு மாற்று ஏற்பாடுகள் செய்தது. எரிக்சன் தாமதித்தது, பெரும் நஷ்டம் அடைந்தது. 2001இல் தன் கைபேசித் தொழிலை சோனியுடன் சேர்த்துக் கூட்டு நிறுவனமாக்கியது. இதைத் தனியாகக் கொடுத்தால் எல்லா விடைத்தாளிலும் ஒரே வரி வரும்: ஒரே ஒரு வழங்குநரை நம்பியிருக்கக் கூடாது.

இதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் ஐசின் நிறுவனத்தின் ஆலை தீக்கிரையானது. டொயோட்டா கார்களின் பிரேக் அமைப்புக்குத் தேவையான ஒரு சிறு வால்வை ஏறக்குறைய முழுவதுமாக அந்த ஆலைதான் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. கையிருப்பும் மிகச் சொற்பம். டொயோட்டாவின் உற்பத்தி நின்றது. ஆனால் அந்த வால்வை ஒருநாளும் செய்திராத பல நிறுவனங்கள் வரைபடங்களை வாங்கிக்கொண்டு, தங்களிடம் இருந்த இயந்திரங்களிலேயே செய்து தரத் தொடங்கின. சில நாட்களில் ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கின. இங்கும் ஒரே வழங்குநர்தான், இருப்பும் குறைவுதான். முடிவு மட்டும் நேர்மாறு. இரண்டையும் அருகருகே வைத்தவுடன் "ஒரே வழங்குநர் கூடாது" என்ற வரி போதாமல் போகிறது. மாணவர்கள் தயங்குகிறார்கள். செய்தி எவ்வளவு வேகமாகப் போனது, யார் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, உறவுகள் எப்படி வளர்க்கப்பட்டிருந்தன என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்காக ஒரு மாதம் செலவழித்தாலும் தகும். எனவே கேஸ் ஸ்டடி வேண்டுமென்றால் ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் செமஸ்டரின் பிற்பகுதியில். இதை முதல் வாசலாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது, ஆட்ட வழி. என் மனம் அதிகம் சாய்வது இங்கேதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டரின் குழு 1960ஐ ஒட்டி உருவாக்கிய ஆட்டம், பீர் கேம் என்ற பெயரில் உலகெங்கும் விளையாடப்படுகிறது. பொருள் எதுவாக இருந்தாலும் ஆட்டம் மாறாது. பெட்டி என்று சொல்லிக்கொண்டால் போதும். சில்லறை விற்பனையாளர், மொத்த விற்பனையாளர், விநியோகஸ்தர், தொழிற்சாலை என நான்கு பேர் ஒரு மேசையில் வரிசையாக அமர்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தொடக்கத்தில் 12 பெட்டிகள். வாரந்தோறும் கீழேயிருந்து வரும் ஆணைக்குச் சரக்கு அனுப்ப வேண்டும், மேலே இருப்பவருக்குத் தன் ஆணையை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆணை போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரங்கள் ஆகும். ஒரு பெட்டியை ஒரு வாரம் வைத்திருந்தால் செலவு அரை அலகு. கேட்டதைக் கொடுக்க முடியாமல் பாக்கி வைத்தால் வாரத்துக்கு ஒரு அலகு. பேசிக்கொள்ளக் கூடாது. 50 வாரம் என்று சொல்லித் தொடங்கி 36 வாரத்தில் நிறுத்துவது வழக்கம். கடைசி வாரம் எது என்று தெரிந்தால் ஆட்டக்காரர்கள் அதற்கேற்றாற்போல் விளையாடிவிடுவார்கள்.

முதல் சில வாரங்கள் அமைதியாக ஓடும். பிறகு யாரோ ஒருவரிடம் சரக்கு தீர்ந்துபோகும். பயத்தில் கூடுதலாக ஆணையிடுவார். அது வந்து சேரும் முன் இன்னும் கூடுதலாக. மேலே இருப்பவர் அந்த ஆணையைப் பார்த்துத் தானும் பயப்படுவார். பத்துப் பதினைந்து வாரம் கழித்து மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து குவியும். யாரும் எதுவும் வாங்காமல் தொழிற்சாலை வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். அறையில் குரல்கள் உயரும். "நீதான் எல்லாவற்றையும் கெடுத்தாய்" என்ற வாக்கியம் எல்லா மேசைகளிலும் கேட்கும்.

ஆட்டம் முடிந்ததும் மேல் மூவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, வாடிக்கையாளர் உண்மையில் எவ்வளவு வாங்கியிருப்பார் என்று வரையச் சொல்வேன். எல்லோரும் அலை வரைவார்கள். ஏறி, உச்சிக்குப் போய், சரிந்து விழும் அலை. பிறகு உண்மையான அட்டையைக் காட்டுவேன். முதல் நான்கு வாரம் 4 பெட்டி. ஐந்தாம் வாரத்திலிருந்து 8. அதன் பிறகு மாற்றமே இல்லை. ஒரே ஒரு படி, ஒரே ஒரு முறை. அலையை உருவாக்கியவர்கள் அந்த நால்வரேதான், யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அந்த நேரத்தில் வகுப்பில் விழும் மௌனத்தை வேறெந்தக் கற்பித்தல் முறையிலும் நான் கேட்டதில்லை.

இது நம் வகுப்புக்கு மட்டும் நேர்வதல்ல. 1989இல் ஜான் ஸ்டெர்மன் வெளியிட்ட ஆய்வில், ஆட்டக்காரர்களின் சராசரிச் செலவு, எட்டக்கூடிய குறைந்த செலவைப் போல ஏறக்குறைய பத்து மடங்காக இருந்தது. ஆட்கள் மாறினாலும் அலை மாறுவதில்லை. அமைப்புதான் நடத்தையை உண்டாக்குகிறது என்பதை மாணவர் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, தான் செய்த பிழையிலிருந்தே பார்த்துவிடுகிறார்.

இதே வேலையைச் செய்யும் இன்னொரு சிறிய ஆட்டமும் உண்டு. தர மேலாண்மையில் பெரும்பெயர் பெற்ற டெமிங் தம் கருத்தரங்குகளில் நடத்திக் காட்டிய சிவப்பு மணிச் சோதனை. ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணி கலந்த பெட்டியிலிருந்து, 50 குழி உள்ள ஒரு பலகையால் "தொழிலாளர்கள்" மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு மணி என்றால் பழுதான பொருள். குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, அதிகமாக வந்தவருக்குக் கண்டனம், சுவரில் ஊக்க வாசகங்கள். பெட்டியில் இருக்கும் சிவப்பைத் தொழிலாளரால் ஒன்றும் செய்ய முடியாது என்பது நான்காவது சுற்றுக்குள் எல்லோருக்கும் புரிந்துவிடும். அரை மணி நேரம் போதும். இதன் பின்னால் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கற்பித்தால், பெல் தொலைபேசிக் குழுமத்தைச் சேர்ந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஷூவார்ட் 1924இல் அதை ஏன் வரைந்தார் என்று சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. எது இயல்பான ஏற்ற இறக்கம், எதற்குத் தனிக் காரணம் தேட வேண்டும் என்ற கேள்வியோடு மாணவர்களே காத்திருப்பார்கள்.

ஆட்ட வழியின் குறைகளை மறைப்பது நியாயமாகாது. பீர் கேமுக்கு அமைப்பதும் விளையாடுவதும் பேசுவதுமாக மூன்று மணி நேரம் போகிறது. அவசரப்பட்டு, ஆட்டத்துக்குப் பிந்தைய உரையாடலைச் சுருக்கினால், "நன்றாகப் பொழுது போனது" என்பதைத் தவிர எதுவும் மிஞ்சாது. அப்படிச் சுருக்கி ஒரு முழு வகுப்பை நான் வீணாக்கியிருக்கிறேன். இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. ஆணைகள் மேலே போகப் போக வீங்கும் இந்தச் சாட்டை விளைவுக்கு லீ, பத்மநாபன், வாங் மூவரும் 1997இல் நான்கு காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: வரும் ஆணையையே உண்மைத் தேவை என்று எடுத்துக்கொண்டு முன்கணிப்பது, ஆணைகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக இடுவது, விலை ஏறி இறங்குவது, தட்டுப்பாட்டில் பங்கு கிடைக்காது என்று பயந்து கூட்டிக் கேட்பது. ஆட்டத்தில் விலை மாறுவதில்லை, சேர்த்துவைத்து ஆணையிடும் கட்டாயமும் இல்லை. ஆட்டத்தோடு நிறுத்தினால் பாதிக் காரணங்களை மாணவர் பார்க்காமலே போய்விடுவார். பயம்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்ற தவறான எண்ணமும் தங்கிவிடும்.

கள ஆய்வு வழி பலருக்குப் பயமூட்டுவது. ஆலைகளில் அனுமதி வாங்குவது, போக்குவரத்து, பாதுகாப்பு என்று பட்டியல் நீளும். ஆலைச் சுற்றுலாவாகத்தான் அதைச் செய்ய வேண்டும் என்றால் வேண்டவே வேண்டாம் என்பேன். ஐம்பது பேர் ஒரு வழிகாட்டியின் பின்னால் நடந்து இயந்திரங்களைப் பார்த்துவிட்டு வருவதில் கற்றல் மிகக் குறைவு. ஆனால் மூன்று பேர், ஒரு கடிகாரம், ஒரு நோட்டு, வளாகத்துக்குள்ளேயே ஒரு மேசை என்றால் கதை வேறு. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்பதையும் பெருக்கினால் கிடைக்கும். மணிக்கு 12 பேர் வந்து, ஒவ்வொருவரும் 20 நிமிடம் தங்கினால், எந்த நேரத்திலும் சராசரியாக 4 பேர் இருப்பார்கள். இரண்டை அளந்து மூன்றாவதைக் கணித்து, பிறகு எண்ணிச் சரிபார்க்கச் சொன்னால், முதல் தடவையாக ஒரு சூத்திரம் உண்மையாவதை மாணவர் தன் கண்ணால் பார்க்கிறார்.

ஒரு குழு நூலகத்தில் திருப்பித் தரப்படும் புத்தகங்களைப் பின்தொடர்ந்தது. ஒரு புத்தகம் மேசைக்கு வந்ததிலிருந்து அலமாரிக்குப் போகும் வரை ஒரு நாளுக்கு மேல் ஆனது. அதில் மனிதக் கை பட்ட நேரம் சில நிமிடங்கள் மட்டுமே. மீதி முழுவதும், தள்ளுவண்டி நிரம்பட்டும் என்று புத்தகம் காத்திருந்த நேரம். "ஊழியர்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள்" என்ற கருதுகோளோடு போனவர்கள், "வண்டி பெரிதாக இருக்கிறது" என்ற முடிவோடு திரும்பினார்கள். ஆட்டத்தில் விடுபட்டுப் போகிறது என்று மேலே சொன்ன அந்தச் சேர்த்துவைக்கும் பழக்கத்தை, இவர்கள் ஒரு தள்ளுவண்டியில் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த வழியின் பலவீனம், குழுவுக்குக் குழு அனுபவம் வேறுபடுவது. சிலருக்குப் பொன்னான இடம் அமையும், சிலருக்கு ஒன்றுமே நடக்காத மேசை அமையும். கணக்கோ ஆட்டமோ இப்படி ஏமாற்றாது.

ஐந்தாவதாக ஒரு வழியையும் சிலர் கேட்கிறார்கள்: மென்பொருள் பயிற்சியும் தொழில்முறைச் சான்றிதழும். வேலைவாய்ப்புக்கு அவை உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு திரையில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை நிறுவனம் மூன்று வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடும். அறிமுகப் பாடத்தின் மணி நேரங்களை அதற்குத் தர எனக்கு மனமில்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? வாசலையும் முதுகெலும்பையும் பிரித்துப் பார்த்தால் இந்தக் கேள்வி எளிதாகிறது. வாசல் ஆட்டமாக இருக்கட்டும், முதுகெலும்பு கணக்காக இருக்கட்டும் என்பது என் முடிவு. இரண்டாம் வாரத்திலேயே பீர் கேம். எந்த விளக்கமும் முன்கூட்டித் தரக் கூடாது. சாட்டை விளைவு என்ற சொல்லையே ஆட்டத்துக்கு முன் உச்சரிக்காதீர்கள். மூன்றாம் வாரத்திலிருந்து வரிசை, கையிருப்பு, எதிர்பாராத தேவைக்கென்று கூடுதலாக வைக்கும் பாதுகாப்பு இருப்பு எனக் கணக்குகள், ஒவ்வொன்றும் ஆட்டத்தின் தாள்களைத் தொட்டுக்கொண்டே. தரத்துக்கு வரும்போது சிவப்பு மணி. கள ஆய்வு செமஸ்டர் முழுவதும் சிறு அளவில் பின்னணியில் ஓடட்டும். கடைசியில் அந்த இரண்டு தீ விபத்துகள், ஜோடியாக.

பல துறைகள் தொழிற்சாலைக்குள் தொடங்கி, கடைசி மூன்று வாரத்தில் விநியோகச் சங்கிலிக்கு வருகின்றன. இந்த ஏற்பாட்டில் அது தலைகீழாகிறது: சங்கிலியை முதலில் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் போகிறோம். மாணவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும் என்று நானும் முதலில் அஞ்சினேன். அப்படி ஆகவில்லை. நாலு கண்ணிகளும் ஏன் இருக்கின்றன என்று தெரிந்த பிறகு ஒரு கண்ணிக்குள் நடப்பதை விளக்குவது எளிதாகவே இருக்கிறது.

எல்லோருக்கும் இதே கலவை பொருந்தாது. பொறியியல் மாணவர்களுக்குக் கணக்கின் பங்கைக் கூட்டலாம். ஆட்டத்தை மட்டும் விடக் கூடாது, ஏனென்றால் சூத்திரத்துக்குள் ஒளிந்துகொள்ளும் பழக்கம் அவர்களிடம்தான் அதிகம். நிகழ்தகவு படிக்காத மாணவர்கள் என்றால் முதுகெலும்பையே கள ஆய்வுக்கு மாற்றி, கணக்கை எக்ஸெல் தாளில் செய்து பார்க்க வையுங்கள். வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிப்பவர்கள் என்றால் மேலே கேஸ் ஸ்டடி பற்றி நான் சொன்ன ஆட்சேபங்களில் பெரும்பாலானவை விழுந்துவிடும். அவர்களிடம் உரசிப் பார்க்கச் சொந்த அனுபவம் இருக்கிறது. நூற்றைம்பது பேருக்கு ஓர் ஆசிரியர்தான் என்றால் கணினியில் விளையாடும் வடிவம் உண்டு. ஒரே மேசையில் முகம் பார்த்துக் கோபப்படும் அனுபவம் அதில் வராது என்றாலும், ஆட்டமே இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

இடம் பிடிக்க எதையாவது விட்டாக வேண்டும். போக்குவரத்து அட்டவணைகளைக் கையால் தீர்ப்பதையும், பொருள் தேவைத் திட்டத்தின் நீண்ட அட்டவணைகளைக் கையால் நிரப்புவதையும், ஆலை அமைவிடத்துக்கு மதிப்பெண் போடும் முறைகளையும் நான் விட்டுவிட்டேன். நேரியல் திட்டமிடல் அழகான கருவி. அதற்கென்று தனிப் பாடம் இருப்பதே அதற்கு மரியாதை. செய்தித்தாள் விற்பவர் கணக்கை மட்டும் யார் சொன்னாலும் விடமாட்டேன். மிஞ்சினால் எவ்வளவு நஷ்டம், தீர்ந்துபோனால் எவ்வளவு நஷ்டம் என்ற இரண்டு எண்களையும், தேவை எப்படிக் கூடிக் குறையும் என்பதையும் வைத்து எத்தனை வாங்குவது என்று சொல்லும் அந்தக் கணக்கு, எப்போதாவது தீர்ந்துபோவதும் சரியான முடிவின் ஒரு பகுதிதான் என்று காட்டுகிறது. காலியான அலமாரி என்றாலே யாரோ தூங்கிவிட்டார்கள் என்று நினைப்பவருக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

கடைசியாகத் தேர்வு. எந்த வாசலைத் தேர்ந்தாலும் மாணவர்கள் படிப்பது வினாத்தாளைத்தான். ஆட்டம் விளையாடிவிட்டுத் தேர்வில் வெறும் சூத்திரக் கேள்விகளை வைத்தால், மறு ஆண்டு மாணவர்கள் ஆட்ட நாளன்று வரமாட்டார்கள். என் வினாத்தாளில் இப்போது ஒரு கேள்வி ஆண்டுதோறும் இருக்கிறது. இடம் மட்டும் மாறும்: ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடம், ஒரு பழுதுபார்ப்பு நிலையம், ஒரு தபால் பிரிக்கும் அறை. அங்கே தாமதம் என்று புகார். உங்களுக்கு ஒரு நாள் மட்டுமே தரப்படுகிறது, யாரையும் கேள்வி கேட்க அனுமதி இல்லை. எந்த மூன்று எண்களை அளப்பீர்கள், ஏன்? விடை எழுத ஒரு பக்கம். அந்தக் கேள்விக்கு மட்டும் 25 மதிப்பெண்.